கார் பளபளக்க இரண்டு வாளித் தண்ணீர் போதும்!

காரின் பெயின்ட்டைக் கெடுப்பது வெயிலும் மழையும் காக்கை எச்சமும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அவையும் கெடுக்கும், சந்தேகமில்லை. ஆனால், வாங்கிய மூன்றாவது வருடமே பல கார்கள் முகம் மங்கிப்போவதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. அது தினமும் காலையில் நடக்கும் துடைப்பு. வெறும் துணியால் 'சர்ர்ர்' என்று ஒரு தேய்ப்பு, அதே துணியை உதறி மறுபடி ஒரு தேய்ப்பு. கார் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அங்கே நடப்பது, மெல்லிய உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் வேலை.

ஐந்து வருடமோ ஏழு வருடமோ மாதாமாதம் தவணை கட்டி வாங்கும் பொருள் கார். பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவும் அதுதான். தவணை முடிந்து, 'இனி இது முழுக்க நம்முடையது' என்று சொல்லும் நாளில் வண்டி பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு விலை உயர்ந்த கோட்டிங்கோ, வாராவாரம் வாட்டர் சர்வீஸோ கட்டாயமில்லை. வேலையின் வரிசை சரியாக இருந்தால் போதும்.

தலைமுடியைவிட மெல்லிய கவசம்

தொழிற்சாலையில் காரின் தகட்டுக்கு நான்கு அடுக்குகளாகப் பூச்சு கொடுக்கிறார்கள். முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், கடைசியாக நிறமில்லாத கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. நான்கையும் சேர்த்தாலே சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் வரும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். இதில் பளபளப்பைத் தருவதும், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் மேலே இருக்கும் கிளியர் கோட். அதன் கனம் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, காரின் மொத்த அழகும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தை நம்பித்தான் இருக்கிறது.

தெருப்புழுதியில் இருப்பது வெறும் மண் அல்ல. பொடிப்பொடியான மணலும் அதில் உண்டு. மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் தேய்க்கும்போது ஒவ்வொரு துகளும் ஒரு கோடு போடும். ஒரு நாளில் தெரியாது. ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள் சேர்ந்துவிடும். இரவில் செல்போன் டார்ச்சை பானெட்டுக்கு மேலே பிடித்துப் பார்த்தால் விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோலத் தெரியும். கறுப்பு, அடர் நீலம், அடர் சிவப்பு நிறக் கார்களில் பகலிலேயே பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் சில்வரிலும் கீறல் இருக்கும், கண்ணுக்குத்தான் அவ்வளவாகப் படாது.

'பாலிஷ் போட்டால் போய்விடுமே' என்று சிலர் சொல்வார்கள். போகும்தான். ஆனால், பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்து, கீறலின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. எடுத்த கனம் திரும்ப வராது. நான்கைந்து முறை பலமாகத் தேய்த்த பிறகு, மீதி இருப்பது பெயின்ட் கடைக்குப் போகும் வழிதான்.

காரைத் துடைப்பவர் மேல் தப்பில்லை

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதச் சம்பளத்துக்கு கார் துடைக்க ஆள் வைத்திருப்பார்கள். விடிவதற்கு முன்பே வந்து, எல்லோரும் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குள் வரிசையாகப் பல கார்களை அவர் முடித்தாக வேண்டும். கையில் ஒரு வாளி, ஒரு துணி. முதல் காரின் புழுதி அந்தத் துணியோடு கடைசி காருக்கும் பயணம் செய்யும். இது அவருடைய அலட்சியம் அல்ல. அவருக்குக் கொடுக்கப்பட்ட துணியும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வீட்டுக்கென்று இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கி, 'நம்ம வண்டிக்கு இதை மட்டும் வெச்சுக்கோங்கண்ணே' என்று கொடுத்துவிடலாம். வாரநாள்களில் முழு வண்டியையும் தொடவே வேண்டாம். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, சைடு மிரர், விளக்குகள், நம்பர் பிளேட் ஆகியவற்றை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தண்ணீர் ஊற்றி முறையாகக் கழுவச் சொல்லலாம். வேலை குறைந்தது என்று சம்பளத்தைக் குறைக்காமல் இருந்தால், அந்த ஒரு நாள் வேலை இன்னும் நன்றாக நடக்கும். அழுக்கான துணியை வாங்கி வாரம் ஒருமுறை தனியாகத் துவைத்துக் கொடுப்பது வீட்டுக்காரர்களின் பொறுப்பு.

பனித்துளி படிந்திருக்கும்போது துடைத்தால் ஈரத்துடைப்பு ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பனியின் ஈரம் புழுதியைச் சேறாக்குமே தவிர, அடித்துக்கொண்டு போகாது.

குழாயை மூடுங்கள், வாளியை எடுங்கள்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது பலருக்கும் மறந்திருக்காது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவது இனி அக்கம்பக்கத்தினர் முகம் சுளிக்கும் வேலை மட்டுமல்ல.

வீட்டுக் குழாய் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது சுலபம். 15 லிட்டர் வாளியை ஹோஸுக்குக் கீழே வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால், நிமிடத்துக்கு 10 லிட்டர். 20 நிமிடம் திறந்திருந்தால் 200 லிட்டர். அதே காரை இரண்டு வாளித் தண்ணீரும், முன்னும் பின்னும் அலசுவதற்குக் கொஞ்சம் தண்ணீருமாக 50 லிட்டருக்குள் கழுவிவிடலாம்.

எதற்கு இரண்டு வாளி? ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பு வாளியில் துணியை நனைத்து ஒரு பகுதியைத் துடைத்த பிறகு, நேராக ஷாம்பு வாளிக்குத் திரும்பக் கூடாது. முதலில் வெறும் தண்ணீரில் துணியை அலசிப் பிழிந்து, அதன் பிறகே ஷாம்புவில் நனைக்க வேண்டும். மணல் எல்லாம் வெறும் தண்ணீர் வாளியின் அடியில் தங்கிவிடும். கழுவி முடித்ததும் அந்த வாளியின் அடியைப் பார்த்தால், இத்தனை நாள் காரின் மேல் என்னென்ன தேய்ந்தது என்பது புரிந்துவிடும்.

கழுவும் வரிசை

வெயில் ஏறுவதற்கு முன் அல்லது மாலையில், நிழலில், எஞ்சின் ஆறிய பிறகு கழுவ வேண்டும். தொட்டால் சுடும் பானெட்டில் ஷாம்பு தண்ணீர் பட்டால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும்.

முதலில் டயர், வீல்கள். இவற்றில்தான் பிரேக் தூளும் சேறும் அதிகம். இவற்றுக்கென்று தனியாக ஒரு பழைய துணியும் பிரஷ்ஷும் வைத்துக்கொள்ள வேண்டும். வீலைத் தேய்த்த துணி பானெட்டைத் தொடவே கூடாது.

அடுத்து, முழு வண்டியின் மேலும் மக்கால் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும். துணி வைப்பதற்கு முன்பே பாதி அழுக்கு போய்விடும். காய்ந்த சேறு இருந்தால் இரண்டு நிமிடம் ஊறவிடலாம்.

பிறகு ஷாம்பு. கூரையில் ஆரம்பித்து, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவுகளின் மேல் பாதி, கடைசியாகக் கீழ்ப் பாதி என்று மேலிருந்து கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் துடைப்பது நல்லது. கைக்குப் பலம் கொடுக்கவே தேவையில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் உடனே அலசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். முடிவில், மடித்த மைக்ரோஃபைபர் துணியை ஒற்றி எடுத்தாற்போல் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். துணி கீழே விழுந்துவிட்டால், மறுபடி அலசாமல் அதைக் காரில் வைக்கக் கூடாது.

பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி துவைக்கும் பவுடரும் காருக்கு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே தயாரிக்கப்பட்டவை அவை. காரின் மேல் இருக்கும் வேக்ஸ் பூச்சையும் பிசுக்கு என்று நினைத்து அடித்துக்கொண்டு போய்விடும். கார் ஷாம்புவை ஒரு வாளிக்கு பாட்டிலில் குறிப்பிட்ட அளவு மட்டும் ஊற்றினால் போதும். நுரை அதிகம் வந்தால் அதிகம் சுத்தமாகும் என்பது விளம்பரம் கற்றுக்கொடுத்த பாடம்.

கழுவி முடித்து வண்டியை எடுக்கும்போது ஒரு விஷயம் முக்கியம். பிரேக் டிஸ்க்குகள் ஈரமாக இருக்கும், சில மணி நேரத்தில் மெல்லிய துருப்படலமும் வந்துவிடும். தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை லேசாக பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே மெயின் ரோட்டில் ஏற வேண்டும்.

போர் தண்ணீர் விட்டுச் செல்லும் வெள்ளைப் புள்ளிகள்

கழுவிய பிறகு கறுப்புக் காரின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால், குற்றவாளி ஷாம்பு அல்ல, தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள், தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி, ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. பக்கெட்டின் ஓரத்திலும் குளியலறைக் குழாயிலும் வெள்ளைப் படிவு கட்டும் வீடுகளில், அதே படிவு காரிலும் கட்டும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியின் வெளிக்குழாயிலிருந்து வரும் தண்ணீர், காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது. அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி குழாயின் கீழே ஒரு வாளி வைத்தால், புழுக்கமான ஊர்களில் காலையில் பல லிட்டர் சேர்ந்திருக்கும். துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கும் கண்ணாடி துடைக்கவும் பயன்படுத்தினால் புள்ளி விழாது. பிடித்துவைத்த மழைத்தண்ணீரும் இப்படித்தான். இதற்கு நேர்மாறானது ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர். அதில் உப்பு இன்னும் கூடுதல். டயரும் ரப்பர் மேட்டும் கழுவ அது பரவாயில்லை, பெயின்ட்டுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, நிழலில் அரை நிமிடம் வைத்து எடுக்கலாம். உடனே ஷாம்பு தண்ணீரால் கழுவிவிட வேண்டும். முதலில் கண்ணில் படாத ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அப்படியும் போகாத புள்ளி கிளியர் கோட்டையே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதை மேலும் மேலும் தேய்ப்பதால் பயனில்லை.

பாலிஷ் வேறு, வேக்ஸ் வேறு

கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். ஆனால், வேலை நேரெதிர். பாலிஷ் தேய்த்து எடுப்பது. வேக்ஸ் மேலே பூசுவது. பாலிஷ் எப்போதாவது, வேக்ஸ் அடிக்கடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கார் வேக்ஸில் பெயர்பெற்ற கார்னௌபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு வெயிலுக்கு அது சில வாரங்கள் முதல் இரண்டு மாதம் வரை தாங்கும். செயற்கை சீலன்ட் அதைவிடக் கூடுதலாக நிற்கும்.

பூச்சு இருக்கிறதா, போய்விட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். பானெட்டில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால், தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. தட்டையாகப் பரவி நின்றால் மறுபடி வேக்ஸ் போடும் நேரம்.

கழுவிக் காய்ந்த காரில், விரல் நுனியளவு வேக்ஸை ஸ்பாஞ்சில் எடுத்து மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படக் கூடாது, பட்டால் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். வெயிலில் வைத்துப் பூசவும் கூடாது.

செராமிக் கோட்டிங்? நல்லதுதான். அழுக்கு எளிதில் ஒட்டாது, நீண்ட நாள் நிற்கும். ஆனால், அது கல் தெறிப்பதையும், சாவியால் கோடு போடுவதையும் தடுக்காது. அதைப் போட்ட பிறகும் காரைக் கழுவித்தான் ஆக வேண்டும். கல் தெறிப்பைத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் பிளாஸ்டிக் படலம்தான், அது விலை கூடியது. எதுவுமே போடாமல், உலர்துடைப்பை மட்டும் நிறுத்தினாலும் கார் பல வருடம் நன்றாகவே இருக்கும்.

எச்சம், பிசின், பூஜைப் பொட்டு

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் அது கிளியர் கோட்டில் தழும்பு போட்டுவிடும். பார்த்தவுடன் சுரண்டக் கூடாது. நனைத்த துணியை மேலே போட்டு இரண்டு நிமிடம் ஊறவிட்டு, அப்படியே வழித்து எடுக்க வேண்டும். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் எப்போதும் இருந்தால் இது சுலபமான வேலை.

மரநிழலில் நிறுத்துவது வண்டிக்குள் குளிர்ச்சி. ஆனால், எந்த மரம் என்று பார்க்க வேண்டும். மாமரம் பூக்கும் பருவத்தில் கீழே நிற்கும் காரில் ஒட்டும் பிசுபிசுப்பு மரத்தின் பால் அல்ல. தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர் அது. அதன் மேல் புழுதி படிந்தால் சாதாரணத் துடைப்பில் போகாது. வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீரில் நனைத்து இளக்கி எடுக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கும் புது வண்டி பூஜைக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் இருக்க முடியாது. இருக்கவும் வேண்டாம். பொட்டை பானெட்டில் வைப்பதற்குப் பதில் முன் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டின் மேலோ வைக்கலாம், கண்ணாடியில் கறையும் கீறலும் அவ்வளவு எளிதில் விழாது. ஓட்டுநர் பார்வையை மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால், மறுநாளே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவிவிடலாம். காய்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுப்பது மணலைத் தேய்ப்பதற்குச் சமம். மாலையைக் கட்டும் கம்பி பெயின்ட்டில் உரசாமல் பார்க்க வேண்டும். கற்பூரத்தைத் தட்டில் வைத்தே காட்ட வேண்டும், வண்டியின் மேல் வைத்து ஏற்றக் கூடாது.

தீபாவளிக்கு வேறு கவனம் வேண்டும். பட்டாசுப் பொறி பட்டால் நைலான் வகைக் கவர் தீப்பிடித்து உருகி வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். அன்று கவரை எடுத்துவிட்டு, பட்டாசு வெடிக்காத இடமாகப் பார்த்து நிறுத்துவதே பாதுகாப்பு. மற்ற நாள்களிலும் புழுதியான வண்டிக்குக் கவர் போட்டால் காற்றில் கவர் ஆடி ஆடிக் கீறும். ஈரமான வண்டிக்குப் போட்டால் உள்ளே ஈரம் அடைந்துகிடக்கும்.

கடற்கரைக்காரர்களுக்கு

திருவான்மியூர், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற இடங்களில் காற்றிலேயே உப்பு வருகிறது. அங்கே துரு முதலில் பிடிப்பது கண்ணில் படாத இடங்களில். வண்டியின் அடிப்பக்கமும், டயருக்கு மேலிருக்கும் வளைவின் உள்பக்கமும் வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரால் அலசப்பட வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறும் வழி அவை. மண் அடைத்திருந்தால் தீக்குச்சியால் குத்தி விட்டுவிடலாம். அடைத்தபடி விட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கல் தெறித்துப் பொட்டு அளவு பெயின்ட் போயிருந்தால், காரின் கலர் கோடுக்கேற்ற டச்-அப் பெயின்ட் வாங்கித் தீக்குச்சி நுனியால் வைத்து மூடலாம். 'சின்னதுதானே' என்று விட்ட பொட்டுதான் பின்னாளில் டிங்கரிங், பட்டி, பெயின்டிங் என்று மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறது.

அடிப்பக்கத்துக்கு டீசல் அடித்தால் துரு வராது என்று ஒரு பழக்கம் உண்டு. டீசல் அங்கிருக்கும் ரப்பர் புஷ்களைக் கெடுத்துவிடும். அதேபோல் எஞ்சின் பகுதிக்குள் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. சென்சார்களும் ஃபியூஸ் பெட்டியும் அங்கேதான் இருக்கின்றன. உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுவது போதும். எலெக்ட்ரிக் காராக இருந்தால், சார்ஜ் ஏறும்போது கழுவவே கூடாது. சார்ஜிங் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உள்ளேயும் கொஞ்சம் பார்க்கலாம்

வண்டிக்குள் வரும் நாற்றத்துக்கு சென்ட் பாட்டில் தீர்வல்ல. மேட்டின் கீழே கை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஈரம் தட்டுப்படும். மேட்டுகளை எடுத்து வெயிலில் காயப்போட்டாலே பாதி நாற்றம் போய்விடும். சீட்டில் பால் கொட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, சமையல் சோடா தூவி, சில மணி நேரம் கழித்து வேக்குவம் கிளீனரால் எடுக்கலாம். வீட்டை அடைவதற்கு இரண்டு நிமிடம் முன்பு ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்து, பூஞ்சை வாடை குறையும்.

டேஷ்போர்டில் பளபளப்புக்காக எண்ணெய்ப் பசையுள்ளவற்றைத் தடவினால், அதன் பிரதிபலிப்பு முன் கண்ணாடியில் விழுந்து பகலில் கண் கூசும். ஈரத்துணி போதும். சானிடைசர், ஸ்ப்ரே டப்பா, லைட்டர் போன்றவற்றை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு வருவது ஆபத்து.

சீட்டுக்கு அடியில் கிடக்கும் முறுக்குத் துண்டும் கடலையும் எலிக்கு அழைப்பிதழ். வயரைக் கடித்துவிட்டால் செலவு பெரிது. சாப்பாட்டுத் துணுக்கு இல்லாமல் பார்ப்பதும், வண்டியை நாள்கணக்கில் ஒரே இடத்தில் போட்டுவைக்காமல் இருப்பதும்தான் முதல் தடுப்பு.

கழுவும்போதே கண்ணில் பட வேண்டியவை

வீட்டில் கழுவுவதன் பெரிய லாபம் பணம் மட்டும் அல்ல. காரைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் வாய்ப்பு அது. குழந்தைகளையும் கூட்டிக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2423 என்றால் 2023-ம் ஆண்டின் 24-வது வாரம் தயாரானது. வீட்டிலிருக்கும் நான்கு டயர்களுக்கும் ஸ்டெப்னிக்கும் வயது கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், உடனே மாற்ற வேண்டும். காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். ஓடாத, ஆறிய டயரில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பஞ்சருகு அடைந்திருந்தால் கையால் அள்ளிவிட வேண்டும். அங்கே வடிகால் அடைத்தால் மழைத்தண்ணீர் வண்டிக்குள்ளேயே இறங்கும். சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் மூலைகளிலும் வடிகால் உண்டு.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்தி, கையுறை போட்டு, முதலில் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். சமையல் சோடா கலந்த தண்ணீரைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்ட வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றும்போது ஒரு சொட்டு பெயின்ட்டில் சிந்தினாலும் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும், அது பெயின்ட்டையே கரைத்துவிடும்.

மழை வருவதற்கு முன்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மூன்று வேலைகள். கோடிழுக்கும் வைப்பர் ரப்பரை மாற்றுவது, ஒரு பூச்சு வேக்ஸ் போடுவது, இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் படிப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டியது அந்த அனுபவத்தால்தான்.

தண்ணீரில் நின்ற காரை, 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பக் கூடாது. காற்றுக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. எஞ்சினுக்குள் இருக்கும் ராடு வளைந்துவிடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்குச் சாதாரண முழுக் காப்பீட்டில் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. அதற்கென்று 'எஞ்சின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்ப்பதற்கான நேரம் வானம் தெளிவாக இருக்கும்போதுதான். தண்ணீர் ஏறிய வண்டியை நகர்த்த ஒரே வழி, டோ செய்து மெக்கானிக்கிடம் சேர்ப்பது.

மொத்தத்தில், வாரத்துக்கு முக்கால் மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இதை எல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. நாளைக் காலை உலர்ந்த துணி காரைத் தொடாமல் பார்த்துக்கொண்டாலே முதல் வேலை முடிந்தது. இரண்டாவது வாளியை ஞாயிற்றுக்கிழமைக்குள் தேடி எடுத்துக்கொள்ளலாம்.